இணைப்பா, உள்வாங்கலா? ஜேர்மனிய 'மீளிணைப்பு' பற்றி ஒரு மறுநோக்கு

ஒரு நிகழ்ச்சிக்குச் சூட்டப்படும் பெயரே அந்நிகழ்ச்சி பற்றிய முதலாவது தீர்ப்பாக அமைந்துவிடுதல் வரலாற்றிலே பலகாலும் காணப்படுவதொன்றாகும். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 3ஆம் திகதி ஜேர்மனியில் நிகழ்ந்ததனை 'மீளிணைப்பு' என்றே உலகம் வழங்கி வருகின்றது. பாடநூல்கள் அவ்வாறே கூறுகின்றன. பரீட்சை வினாத்தாள்களும் அவ்வாறே வினவுகின்றன. இணைப்பு என்னுஞ் சொல்லோ இரு சாரார் ஒருவரையொருவர் நோக்கி வருதலைக் குறிப்பது. ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்க, மற்றவர் தம் வீட்டைப் பூட்டித் திறப்பையுங் கையிலெடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்து சேர்தலை இணைப்பு என்று எவருஞ் சொல்லார்.

சட்டமாவது இவ்விடயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் மக்கள் சபை 1990 ஓகஸ்ட் 23ஆம் திகதி அதிகாலையில் 294 வாக்குகளால் நிறைவேற்றிய தீர்மானம் 'இணைப்பு' எனும் சொல்லைத் தலைமேற் கொள்ளவில்லை. மேற்கு ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்து 23ஆம் உறுப்புரையின் கீழ்ச் 'சேர்தல்' என்றே அது கூறிற்று. 62 பேர் எதிர்த்தனர். 7 பேர் வாக்களியாது விட்டனர். இவ்வுறுப்புரையின் கீழ் அதற்கு முன்னர் ஒரேயொரு முறைதான் ஒரு நிலப்பகுதி சேர்ந்திருந்தது: 1957ஆம் ஆண்டின் முதல் நாளிலே சார் மாநிலம். பத்து இலட்சமளவு மக்களைக் கொண்ட சிறு மாநிலமொன்றுக்குப் பயன்பட்ட வாசல், ஒரு கோடியே அறுபது இலட்சம் மக்களைக் கொண்டதும் நாற்பது ஆண்டுகள் தனியரசாக நிலவியதுமான ஒரு நாட்டுக்கும் போதுமானது என்று கொள்ளப்பட்டது. நாட்டின் பெயர் மாறவில்லை, கொடி மாறவில்லை, நாணயம் மாறவில்லை, அரசியலமைப்பிற் சில வரிகளே திருத்தப்பட்டன. தலைநகர் மாத்திரம் பேர்லினுக்குச் சென்றது. அதுவும் 1991 யூனில் 338க்கு 320 என்ற வாக்கு வித்தியாசத்தில், நீண்ட நேர விவாதத்தின் பின்னரே.

இதனை எடுத்துக் கூறுவோர் உடனடியாக ஒரு சந்தேகத்துக்கு ஆளாகின்றனர். 'அப்படியானால் மதில் நின்றிருக்கவேண்டும் என்கிறீரா?' என்பதே அச்சந்தேகம். இவ்வினாவுக்கு முதலில் விடையிறுத்தல் அவசியம். ஏனெனில் இலங்கைப் பல்கலைக்கழக வட்டாரங்களிலே கிழக்கு ஜேர்மனியின் மறைவை இன்றும் ஒரு மரணவீட்டுத் தொனியிற் பேசும் முற்போக்கு நண்பர்கள் சிலர் உளர். தொழிலாளர் அரசொன்று ஏகாதிபத்தியச் சூழ்ச்சியால் வீழ்ந்தது, மக்கள் வாழைப்பழத்துக்கும் நீலக் காற்சட்டைக்கும் மயங்கினர் என்பது இவர்தம் வாதம்.

தொழிலாளர் அரசு என்பது உண்மையாயின் 1953 யூன் 17ஆம் திகதியை எங்கே வைப்பது? அக்கிளர்ச்சியைத் தொடக்கியவர்கள் நிலப்பிரபுக்களல்லர். கிழக்குப் பேர்லினில் ஸ்ராலின் பெயர் தாங்கிய பெருவீதியில் மாடிக்கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள். கூலியை உயர்த்தாது வேலையளவைப் பத்து வீதத்தால் உயர்த்திய ஆணைக்கெதிராகவே அவர்கள் வேலையை நிறுத்தினர். அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி சோவியத் தாங்கிகள். 1949 முதல் 1961 வரை ஏறத்தாழ 27 இலட்சம் மக்கள் வெளியேறியமையாலேயே 1961 ஓகஸ்ட் 13ஆம் திகதி மதில் எழுந்தது. பேர்லின் மதிலிற் குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர். 1989இல் அரச பாதுகாப்பு அமைச்சிலே முழுநேர ஊழியர் 91,000 பேர். இவர்களுக்குப் புறம்பாக ஏறத்தாழ 1,89,000 இரகசியத் தகவலாளர். அயலவர், ஆசிரியர், சில வேளைகளிற் கணவர்தாமும் இவ்வெண்ணிக்கையுள் அடங்குவர். இவ்வாறு தன் மக்களுக்கே அஞ்சி வாழ்ந்த ஓர் அரசை மார்க்சின் பெயரால் நியாயப்படுத்துதல் மார்க்சுக்குச் செய்யும் மரியாதையன்று.

தமிழருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 1983இன் பின்னர் ஐரோப்பா சென்ற தமிழ் அகதிகளுள் கணிசமானோர் கிழக்குப் பேர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியே மேற்குப் பேர்லினுக்குட் சென்றனர். கிழக்கு அரசு அவர்களை வழிப்போக்கராக அனுமதித்தது. மேற்குத் தரப்போ மதிலைத் தன் எல்லையென ஏற்காமையால் அங்கு கடவுச்சீட்டைச் சோதிக்கவில்லை. இதனை ஒடுக்கப்பட்டோர்க்கு நீட்டிய தோழமைக் கரம் என மயங்குவோர், மேற்கின் வேண்டுகோளுக்கிணங்க 1985இல் அதே அரசு தமிழர்க்கு அவ்வழியை அடைத்தமையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. மேற்குத் தரப்பும் சளைத்ததன்று: கிழக்கு ஜேர்மனியின் துணைத்தூதரகத்தை உயர்த்த அனுமதித்த குற்றத்துக்காக 1964இல் இலங்கைக்கான உதவியை வெட்டியது அதுவே. இரு ஜேர்மனிகளின் பிணக்கிலே சிறு நாடுகளும் அகதிகளும் சதுரங்கக் காய்களாயினர் என்பதே உண்மை.

ஆகவே மதில் வீழ்ந்தமை பற்றி இக்கட்டுரைக்கு எவ்வித துக்கமும் இல்லை. இக்கட்டுரையின் வழக்கு வேறு. மதிலை வீழ்த்தியவர் எவரோ அவருக்கே அதன்பின் எழவேண்டிய அரசின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது. அவ்வுரிமை அவர்கள் கையிலிருந்து நழுவியது, அன்று, நழுவச் செய்யப்பட்டது என்பதே வழக்கு.

மதிலை வீழ்த்தியவர் யார்? மேற்கின் வானொலியும் தொலைக்காட்சியும் அல்ல. கொர்பச்சேவின் பங்கு பெரிது. அவர் படையை முகாமினுள் வைத்திருந்தார். ஹங்கேரி 1989 செப்ரெம்பரில் எல்லையைத் திறந்தமை பெரிது. ஆயினும் ஒக்ரோபர் 9ஆம் திகதி, திங்கட்கிழமை மாலை, லைப்சிக் நகரின் நிக்கொலாய் தேவாலயத்திலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் கூடிய எழுபதினாயிரம் பேர் இல்லையெனின் இவை யாவும் அரைகுறையாகவே முடிந்திருக்கும். அந்த ஆண்டு யூனிற் பீக்கிங்கில் நிகழ்ந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். அதனைத் தம் அரசு ஆதரித்தமையையும் அறிந்திருந்தனர். பக்கத்துத் தெருக்களிலே ஆயுதந்தாங்கியோர் நிறுத்தப்பட்டிருப்பதையும் அறிந்தே நடந்தனர். இசைநடத்துநர் குர்ட் மசூர் முதலிய அறுவர் அமைதி வேண்டி விடுத்த அறிக்கை ஒலிபெருக்கிகளில் வாசிக்கப்பட்டது. அன்று துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. ஒன்பது நாட்களில் ஹொனெக்கர் பதவியிழந்தார். சரியாக ஒரு மாதத்தில், ஷபோவ்ஸ்கி என்ற கட்சிப் பிரமுகர் செய்தியாளர் கூட்டமொன்றிலே தாளைப் புரட்டித் தடுமாறிக் கூறிய ஒரு விடையை நம்பி மக்கள் மதிலடிக்குச் சென்று நின்றனர்; வாயில்கள் திறந்தன. அதிகாரிகள் திறந்தனர் என்பதிலும் மக்கள் திறப்பித்தனர் என்பதே பொருந்தும்.

அவ்விலையுதிர்காலத்து முழக்கம் 'நாமே மக்கள்' என்பதாகும். மக்களின் பெயரால் ஆள்வதாகக் கூறிய கட்சியை நோக்கி, நீங்கள் கூறும் அந்த மக்கள் நாங்கள்தாம் என்ற அறைகூவல் அது. சில கிழமைகளுள் அம்முழக்கம் 'நாம் ஒரே மக்கள்' என மாறிற்று. ஜேர்மன் மொழியில் ஒரு சிறு சொல்லே மாறியது. முதலாவது முழக்கம் அதிகாரம் யாருடையது என்று கேட்டது. இரண்டாவது இனம் எது என்று கூறியது. முதலாவதற்குரிய விடை ஓர் அரசியலமைப்பு. இரண்டாவதற்குரிய விடையை மேற்கு ஜேர்மனியப் பிரதமர் ஹெல்முட் கோல் நவம்பர் 28ஆம் திகதி பத்து அம்சத் திட்டமாகத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தம் அரசின் வெளிநாட்டமைச்சருக்கே அவர் அதனை முன்கூட்டித் தெரிவித்திருக்கவில்லை.

இம்மாற்றத்தை மேற்கின் சூழ்ச்சியென்று மாத்திரங் கூறுதல் பொருந்தாது. கிழக்கின் அறிவாளர்க்கும் இதிற் பெரும் பங்குண்டு. கிறிஸ்ரா வொல்ஃப், ஸ்ரெஃபன் ஹைம் முதலிய எழுத்தாளர் 'எங்கள் நாட்டுக்காக' என்ற அறிக்கையை அந்நாட்களிலேயே வெளியிட்டனர். தனித்துவமான சோசலிச மாற்றொன்றை அது வேண்டியது. ஆனால் நாற்பது ஆண்டு பொறுத்த தொழிலாளியை நோக்கி இன்னுஞ் சிறிது பொறு என்று கூறும் தகுதி, வெளிநாட்டுப் பயண அனுமதியும் வெளிநாட்டு நாணயமும் கிடைக்கப்பெற்ற எழுத்தாளர்க்கு உண்டா என்று தொழிலாளி கேட்டான். கேட்டது நியாயமே. போதாக்குறைக்கு அவ்வறிக்கையில் ஹொனெக்கரின் வாரிசான ஏகொன் கிரென்ஸும் கையொப்பமிட்டு அதன் எஞ்சிய மதிப்பையும் போக்கினார்.

ஆயினும் அறிக்கை விடுத்தோர் மாத்திரம் அன்று இயங்கவில்லை. 1989 டிசெம்பர் 7ஆம் திகதி முதல் வட்டமேசை கூடியது. புதிய மன்றம், பசுமைக் குழுக்கள், பெண்கள் அமைப்பு, தேவாலயத்தினர், பழைய கட்சிகள் யாவும் அதில் அமர்ந்தன. அது ஓர் அரசியலமைப்பு வரைவைத் தயாரித்து 1990 ஏப்பிரிலில் வெளியிட்டது. வேலைக்கும் வீட்டுக்குமான உரிமைகள், மக்கள் இயக்கங்களின் பங்கு, மக்களே சட்டம் முன்மொழியும் வழி என்பன அதில் இடம்பெற்றிருந்தன. குறைகள் பலவுடைய வரைவுதான். ஆனால் ஜேர்மனிய வரலாற்றிலே தெருவில் இறங்கிய மக்கள், தோல்வியுற்ற போரின் பின்னோ அந்நியர் ஆணையின் கீழோ அன்றித் தாமாகவே எழுதிக்கொள்ள முனைந்த அரசியலமைப்பு என்ற வகையில் அதற்கிணையாகக் கூறத்தக்கவை மிகச் சிலவே. ஏப்பிரில் 26ஆம் திகதி புதிய மக்கள் சபை அதனைக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பவும் மறுத்தது. நிராகரிக்கப்பட்டது என்று கூறுதலும் மிகையாகும். வாசிக்கப்படவேயில்லை என்பதே சரி.

இவ்விடத்திலே எதிர்வாதி மிக வலிமையான வாதத்தை முன்வைப்பார். 1990 மார்ச் 18ஆம் திகதி நடைபெற்ற தேர்தல் சுதந்திரமானது. 93 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். விரைவான சேர்தலை முன்வைத்த 'ஜேர்மனிக்கான கூட்டணி' 48 வீத வாக்குகளைப் பெற்றது. மதிலை வீழ்த்திய இயக்கங்களின் கூட்டோ 2.9 வீதமே பெற்றது. மக்களே தீர்ப்பளித்தபின் மக்களுக்காக வழக்காட நீர் யார்?

இவ்வாதத்தைப் புறங்கையால் தள்ளுவோர் ஜனநாயகவாதிகளாகார். அத்தேர்தல் முடிவு மெய்யானது. 1989இல் மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறியிருந்தனர். 1990 ஜனவரியிலும் நாள்தோறும் ஏறத்தாழ ஈராயிரம் பேர் வெளியேறினர். மருத்துவர் இல்லாத மருத்துவமனையில் நின்றுகொண்டு மூன்றாம் வழி பற்றி விவாதிக்க எவராலும் இயலாது. மார்க் எம்மிடம் வராவிடின் நாம் மார்க்கிடம் செல்வோம் என்று தெருவில் முழங்கியோர் தம் தேவையை நன்கறிந்தே முழங்கினர். திட்டக்குழுத் தலைவர் ஷூரரின் இரகசிய அறிக்கை 1989 ஒக்ரோபரிலேயே உண்மையை ஒப்புக்கொண்டிருந்தது: வெளிநாட்டுக் கடன் மேலும் பெருகாதிருக்க வேண்டுமாயின் மக்களின் வாழ்க்கைத்தரத்தை 25 முதல் 30 வீதம் வரை குறைக்கவேண்டும்.

ஆனால் மக்கள் மார்ச்சில் எதற்கு வாக்களித்தனர்? ஒன்றுபட்ட நாட்டுக்கும் நல்ல நாணயத்துக்கும். ஒன்றுபட்ட நாட்டின் அரசியலமைப்பு எதுவென்று அவர்களிடமும் கேட்கப்படவில்லை. மேற்கு மக்களிடமும் கேட்கப்படவில்லை. இப்பிந்திய செய்தி பலராற் கவனிக்கப்படுவதில்லை. 1949இல் அடிப்படைச் சட்டத்தை வரைந்தோர் அதற்கு அரசியலமைப்பு என்ற பெயரையே வேண்டுமென்று தவிர்த்தனர். கிழக்கு மக்கள் பங்குபற்ற இயலாமையால் இது இடைக்கால ஏற்பாடே என்றனர். ஜேர்மன் மக்கள் சுதந்திரமாக ஏற்கும் அரசியலமைப்பொன்று நடைமுறைக்கு வரும் நாளில் இச்சட்டம் வலுவிழக்கும் என 146ஆம் உறுப்புரையில் எழுதியும் வைத்தனர். ஆக இரு வாசல்கள் இருந்தன. 146இன் வழியாக வருவோர் இரு சாராரும் சேர்ந்து புதிய வீடு கட்டவேண்டும். 23இன் வழியாக வருவோர் இருக்கும் வீட்டின் விதிகளை ஏற்கவேண்டும். 146ஆம் உறுப்புரையே நேர்மையான வழியென ஹாபர்மாஸ் போன்ற மேற்கின் அறிஞரே அப்போது வாதிட்டனர்.

காலம் போதாது என்பது அதற்குக் கூறப்பட்ட மறுமொழி. கொர்பச்சேவ் எப்போது வீழ்வார் என்று எவர் அறிவார்? 1991 ஓகஸ்டில் மொஸ்கோவில் நிகழ்ந்த சதிமுயற்சி இவ்வச்சம் பொய்யன்று என்பதைக் காட்டிற்று. ஆயின் அவசரம் வெளியுறவுக்குரியது. நான்கு வல்லரசுகளுடன் இரு ஜேர்மனிகளும் செய்த ஒப்பந்தம் 1990 செப்ரெம்பர் 12ஆம் திகதி மொஸ்கோவிற் கையொப்பமாயிற்று. அதன்பின் எந்தக் கொர்பச்சேவ் வீழ்ந்தாலும் ஜேர்மனியின் ஒற்றுமை வீழப்போவதில்லை. அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ ஆறுதலாக அமர்ந்து அரசியலமைப்பை வரைந்து மக்கள் வாக்குக்கு விடுவதை யார் தடுத்தனர்? பாராளுமன்றத்தின் ஈரவைகளும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்துத்தான் பார்த்தன. 1994இற் சில உறுப்புரைகள் திருத்தப்பட்டன. மக்கள் வாக்கு நடைபெறவில்லை. அவசரம் என்பது காரணமாக இருந்திருப்பின் அவசரம் தீர்ந்ததும் அது நடைபெற்றிருக்கவேண்டும்.

இது வெறுஞ் சட்ட நுணுக்கம், வயிறு நிறைந்தோரின் வாதம் எனச் சிலர் கூறுவர். உறுப்புரை எண்ணுக்கும் உலைக்கும் உள்ள தொடர்பை அறிய 1990 யூலை முதலாம் திகதிக்குத் திரும்புதல் வேண்டும். அன்று மேற்கு மார்க் கிழக்கிற்கு வந்தது. கூலியும் ஓய்வூதியமும் ஒன்றுக்கொன்று என மாற்றப்பட்டன; சேமிப்பில் வயது வந்தோர்க்கு 4,000 வரை அவ்வாறே, மிகுதி இரண்டுக்கொன்று. மக்களுக்கு அது மகிழ்ச்சி நாள். தொழிற்சாலைக்கோ அது தூக்குநாள். ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க்கை ஈட்டக் கிழக்குப் பொருளாதாரம் நான்குக்கு மேற்பட்ட மார்க்குகளைச் செலவிட்டு வந்தது. ஒரே இரவிற் செலவும் வரவும் ஒரே நாணயத்தில் எழுந்து நின்றன. போலந்திலும் சோவியத் ஒன்றியத்திலும் இருந்த பழைய வாடிக்கையாளர்க்குப் புதிய விலையைக் கொடுக்க வகையில்லை. வேறெந்தக் கீழை ஐரோப்பிய நாடும் இத்தகைய பரிகாரத்தைத் தன் தொழிற்றுறைக்குச் செய்யவில்லை. உற்பத்தி ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. அன்றைய மாலைதான் கோல் தொலைக்காட்சியிலே 'பூத்துக்குலுங்கும் நிலங்கள்' விரைவில் உருவாகும் என்றார்.

நிலங்களைப் பூக்கச் செய்யும் பணி ட்ரொய்ஹண்ட் எனப்பட்ட பொறுப்பு நிறுவனத்திடம் விடப்பட்டது. இதன் பிறப்பே ஒரு சோகக் கதை. மக்கள் சொத்தை மக்களுக்கே பங்கு பிரித்துக் கொடுக்கும் எண்ணம் வட்டமேசையில் எழுந்தது. 1990 மார்ச்சில் மோட்ரோ அரசு அந்நிறுவனத்தை அமைத்தது, சொத்தைப் பேணுவதற்காக. யூன் 17ஆம் திகதி, தொழிலாளர் கிளர்ச்சியின் ஆண்டு நிறைவு நாளன்று, புதிய சட்டம் அதே நிறுவனத்தின் பணியைத் தனியார்மயமாக்கல் என மாற்றிற்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 8,500 நிறுவனங்களும் நாற்பது இலட்சம் தொழிலாளரும் அதன் கீழிருந்தனர். அதன் தலைவர் ரோவெடர் சொத்தின் மொத்தப் பெறுமதியை 60,000 கோடி மார்க் என மதிப்பிட்டார். 1991 ஏப்பிரிலில் அவர் கொலையுண்டார். 1994 இறுதியில் நிறுவனம் மூடப்பட்டபோது எஞ்சியது இலாபமன்று. 25,000 கோடி மார்க்குக்கு மேற்பட்ட நட்டம். விற்கப்பட்டவற்றுள் எண்பத்தைந்து வீதமளவு மேற்கு ஜேர்மனியர் கைக்குச் சென்றது. கிழக்கு மக்களிடம் தங்கியது ஏறத்தாழ ஐந்து வீதம். மக்கள் சொத்து என்று நாற்பதாண்டு கூறப்பட்டது பொய். ஆனால் அப்பொய்யை மெய்யாக்கக் கிடைத்த ஒரேயொரு சந்தர்ப்பமும் இவ்வாறு கழிந்தது.

பிஷொஃபெரோட என்னும் சிற்றூர் துரிங்கியா மாநிலத்தில் உள்ளது. அங்கு பொட்டாசுச் சுரங்கமொன்று இருந்தது. அதன் கனிமத்துக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தனர். பாழடைந்த தொழிற்சாலைகளுள் ஒன்றென அதனை ஒதுக்க இயலாது. கிழக்கின் பொட்டாசுத் தொழிலை மேற்கின் பெரும் நிறுவனமொன்றுடன் சேர்க்க ட்ரொய்ஹண்ட் உடன்பட்டபோது இச்சுரங்கம் மூடப்படவேண்டியவற்றின் பட்டியலிற் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் முழு வாசகம் நெடுங்காலம் வெளியிடப்படவில்லை. 1993 யூலையில் சுரங்கத் தொழிலாளர் உண்ணாவிரதம் தொடங்கினர். இவர்கள் பழைய கட்சியின் ஏவலாட்கள் அல்லர் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பிரதேசம் கத்தோலிக்கப் பிரதேசம். நாற்பதாண்டுக் கட்சியாட்சியிலும் தேவாலயத்தை விடாத மக்கள். 1990இற் பெருவாரியாகக் கோலின் கட்சிக்கே வாக்களித்தோர். மதகுருமார் அவர்களுடன் நின்றனர். 'பிஷொஃபெரோட எங்குமுளது' என்ற சுலோகம் நாடெங்கும் பரவிற்று. அவர்கள் பேர்லின் வரை நடந்தும் சென்றனர். ஆண்டிறுதியிற் சுரங்கம் மூடப்பட்டது. கட்சியின் சர்வாதிகாரத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தே வீழ்த்திய மக்களுக்கு இப்போது எந்த வாசலை நோக்கி நடப்பது என்பதே விளங்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத நிறுவனமொன்றின் இரகசிய ஒப்பந்தத்தை வாக்கால் வீழ்த்த இயலாது.

வேலைவாய்ப்பின் இழப்பை எண்களால் அளக்கலாம்; நம்பிக்கையின் இழப்பை அளக்கும் கருவி அரிது. ஆயினும் ஒன்றுண்டு. கிழக்கில் 1989இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகள் பிறந்தன; 1994இல் எண்பதினாயிரத்துக்குங் குறைவு. போரில்லாத காலத்தில் இத்தகைய வீழ்ச்சி மிக அரிது. அங்கு வேலை செய்யும் வயதுப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் தொழில் புரிந்தோர். முதலிற் பணிநீக்கம் பெற்றோரும் அவர்களே. 1972 முதல் பன்னிரு வாரம் வரை கருக்கலைப்பு அவர்களது உரிமையாயிருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சட்டவிரோதமானது, ஆயினும் ஆலோசனை பெற்றபின் தண்டனைக்குரியதன்று என்ற விசித்திர நிலைக்குக் கொண்டுவந்தது.

பல்கலைக்கழகங்களின் கதி மாணவர் இதழொன்றிற் கூறப்படவேண்டியதே. 1990 டிசெம்பரில் லைப்சிக்கிலும் பேர்லினிலும் சட்டம், மெய்யியல், வரலாறு முதலாய துறைகள் முழுமுழுதாகக் கலைக்கப்பட்டன. மாணவர் கட்டடங்களை ஆக்கிரமித்து எதிர்த்தனர். கட்சியின் வேதத்தை ஒப்புவித்துப் பேராசிரியரானோர்க்காக எவரும் இரங்கவேண்டியதில்லை. ஆனால் ஒப்புவியாது உழைத்தோரும் அதே கதவால் வெளியேற்றப்பட்டனர். வெற்றிடங்களை மேற்கின் பேராசிரியர் நிரப்பினர். மேற்கின் துறை எதுவும் அவ்வாறு ஆராயப்படவில்லை. அங்கு ஆராயத்தக்கது ஒன்றுமில்லை என்று கொள்ளப்பட்டது போலும்.

கிழக்கில் வளர்ந்த அங்கெலா மேர்கல் பதினாறு ஆண்டுகள் பிரதமராயிருந்தாரே என்பர். இருந்தார். அதே காலத்தில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பதினாறு ஆசனங்களில் ஒன்றிலேனும் கிழக்கிற் பிறந்தவரொருவர் அமர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் உச்சியேறியமை ஏணி யாவர்க்கும் உண்டு என்பதற்குச் சான்றாகாது.

மறுபுறத்திற் பெற்றவற்றையும் மறைத்தல் ஆகாது. பிற்றர்ஃபெல்டின் நச்சுப்புகை ஒழிந்தது, ஓய்வூதியர் வாழ்வு உயர்ந்தது, ஆயுளும் கூடிற்று, மேற்கின் வரிப்பணம் பெருந்தொகையாக வந்தது. ஆயினும் கொடை பெறுவோர் என்ற நிலையும் உரிமையாளர் என்ற நிலையும் ஒன்றாகா.

மக்கள் தாமே முன்னின்றபோது விளைவு வேறாயிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இரகசியப் பொலிசின் கோப்புகளை மேற்கின் ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டுசென்று பூட்டிவைக்கவே இரு அரசுகளின் பேச்சாளரும் முதலில் விரும்பினர். 1990 செப்ரெம்பரில் பேர்பெல் போலி முதலியோர் அவ்வமைச்சின் பழைய தலைமையகத்தினுள் நுழைந்து அமர்ந்தனர், உண்ணாவிரதமிருந்தனர். ஒப்பந்தத்துடன் மேலதிக ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 1991 டிசெம்பர்ச் சட்டம் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பைத் தாமே வாசிக்கும் உரிமையை வழங்கிற்று. ஒன்றுபட்ட ஜேர்மனிக்குக் கிழக்கு மக்கள் தம் கையாற் கொண்டுவந்து சேர்த்த நிறுவனம் இதுவொன்றே எனலாம். உலகின் பல நாடுகள் இன்றும் அதனைப் பார்த்துப் பயில்கின்றன.

1991இல் ஹோயர்ஸ்வேர்டாவிலும் 1992இல் றொஸ்ரொக்கிலும் வியற்நாமியரும் மொசாம்பிக்கரும் பிற அந்நியரும் வாழ்ந்த விடுதிகள் தாக்கப்பட்டமையையும், 2024இல் துரிங்கியாவிலும் 2025 பெப்ரவரித் தேர்தலில் கிழக்கின் ஐந்து மாநிலங்களிலும் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பெற்றமையையும் மேற்கூறிய அநீதியின் நேர்விளைவெனக் கூறி மன்னித்துவிடும் போக்கொன்றும் உண்டு. இது ஏற்கத்தக்கதன்று. வேலையிழந்தவன் கல்லெறிவதற்கு வியற்நாமியன் அவனது சுரங்கத்தை மூடியவனல்லன். அந்நியத் தொழிலாளரைத் தனி விடுதிகளில் அடைத்து, கருவுற்ற பெண்களைக் கலை அல்லது நாட்டுக்குத் திரும்பு என்று பணித்ததும் அந்தச் 'சர்வதேசத் தோழமை' அரசே. கவனிக்கவேண்டியது வேறொன்று. அவ்வலதுசாரிகள் கிழக்கின் சதுக்கங்களில் இன்று எழுப்பும் முழக்கம் 1989இன் அதே 'நாமே மக்கள்' என்பதாகும். உரியவர் கையிலிருந்து பறிபோன சொல் தெருவிற் கிடந்தது, கண்டவர் எடுத்துக்கொண்டனர்.

23ஆம் உறுப்புரை பணி முடிந்ததும் நீக்கப்பட்டது. அவ்வெண்ணின் கீழ் இன்று ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய விதிகள் உள்ளன. 146ஆம் உறுப்புரை சிறு மாற்றத்துடன் இன்றும் அடிப்படைச் சட்டத்தின் கடைசி உறுப்புரையாக அச்சிடப்பட்டு வருகின்றது. ஜேர்மன் மக்கள் சுதந்திரமாக ஏற்கும் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் நாளில் இச்சட்டம் வலுவிழக்கும் என்றே அது இன்னுங் கூறுகின்றது. அந்நாளைக் குறிக்க எந்த அரசாங்கமும் இதுவரை முன்வரவில்லை.